இம்பாக்ட் என்ற சொல்லுக்கு எங்கும் ‘தாக்கம்’ என்றே எழுதலாமா?

முத்தியால்பேட்டை வாசகி கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம். புதுச்சேரியில் இருந்துகொண்டு ஆங்கில அறிக்கைகளையும் படிவங்களையும் பதினோரு ஆண்டுகளாகத் தமிழாக்கம் செய்து வருகிறேன். சென்ற மாதம் நடந்த ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

கடல் அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் கருங்கல் கொட்டித் தூண்டில் வளைவு அமைப்பது குறித்த ஓர் அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் தரும் பணி எனக்கு வந்தது. அதில் இம்பாக்ட் என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. நான் எல்லா இடத்திலும் தாக்கம் என்றே எழுதினேன். அகராதி அப்படித்தான் தருகிறது, நாளிதழ்கள் அப்படித்தான் எழுதுகின்றன, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்ற தொடரும் நிலைத்துவிட்டது; ஆகவே எனக்கு ஐயமே எழவில்லை. பிறகு அந்தச் சுருக்கத்தை ஒரு மீனவக் கிராமத்தில் படித்துக் காட்டியபோது நானும் உடன் சென்றிருந்தேன். ‘இக்கட்டுமானத்தினால் வடபுறக் கடற்கரையின் மீது மிதமான தாக்கம் ஏற்படக்கூடும்; மீனவர் வாழ்வாதாரத்தின் மீது நேர்மறையான தாக்கம் ஏற்படும்’ என்ற வரி வந்ததும், முன்வரிசையில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி எழுந்து, “யாரு யாரைத் தாக்கப் போறாங்க? அதை மொதல்ல சொல்லுங்க” என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருடைய மனத்திலும் அதே கேள்வி இருந்தது என்பதை முகங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். படித்துக் காட்டியவருக்கு விளக்கத் தெரியவில்லை. மொழிபெயர்த்த எனக்கும் அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மூலத்தை மறுபடியும் படித்தபோதுதான், வடக்கே கரை அரிக்கப்படலாம் என்பதையே அந்த வரி சொல்கிறது என்பது எனக்குத் தெளிவானது. ஆங்கிலத்தில் மோதல், விளைவு, செல்வாக்கு, பாதிப்பு, நன்மை ஆகிய அனைத்துக்கும் இந்த ஒரு சொல்லே வருகிறது. தமிழில் இதற்கு ஒரே நிகர்ச்சொல்லைத் தேடியதே என் பிழையா, அல்லது தாக்கத்தை விடப் பொருத்தமான வேறு சொல் இருக்கிறதா? இந்தச் சொல்லின் இயல்பை அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் கடமைப்பட்டவளாவேன்.

மஞ்சக்குப்பம் ஆசிரியர் எழுதியது:

அம்மா, வணக்கம். நான் கடலூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இச்சொல் எங்கே சிக்கலின்றி நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குகிறேன். இயற்பியலில் ஒரு பொருள் மற்றொன்றின் மேல் விசையோடு சென்று மோதுவதே இம்பாக்ட். நம் பாடநூல்களில் மீட்சி மோதல், மீட்சியற்ற மோதல் என்று படித்திருப்பீர்கள். மிகக் குறுகிய நேரத்தில் ஒரு பெருவிசை செயல்படும்போது, அந்த விசையையும் நேரத்தையும் பெருக்கிக் கிடைப்பதைக் கணத்தாக்கு என்கிறோம். அது உந்தத்தில், அதாவது பொருளின் நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கிக் கிடைப்பதில், ஏற்படும் மாற்றத்துக்குச் சமம். விக்கெட் கீப்பர் பந்தைப் பிடிக்கும்போது கைகளைப் பின்னால் இழுத்துக்கொள்வது, அந்த மாற்றத்தைச் சற்று நீண்ட நேரத்தில் பரப்பி, கையில் படும் விசையைக் குறைப்பதற்காகத்தான். தாக்கு என்பது ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிவது என்னும் உணர்வு கணத்தாக்கு என்ற கலைச்சொல்லிலேயே இருப்பதைக் கவனியுங்கள்.

இந்த வினை தமிழில் மிகப் பழையது. ‘ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து’ என்பது 486ஆம் குறள். சண்டைக்கு நிற்கும் ஆட்டுக்கடா முட்டுவதற்காகவே கால் பெயர்த்துப் பின்வாங்குகிறது. அந்த முட்டுதான் தாக்குதல். கொம்பும் மண்டையும் சந்திக்கும் ஓசை அந்தச் சொல்லில் கேட்கிறது. ஆகவே அந்த மூதாட்டி தமிழை அதன் சரியான பொருளில் அறிந்தவர். அவர் கேட்டதில் பிழையே இல்லை. தாக்கம் என்று காதில் விழுந்தால், தாக்குகிறவர் யார், தாக்கப்படுகிறவர் யார் என்று கேட்பதுதான் இயல்பு.

ஆங்கிலச் சொல்லின் இரு பொருள்களும் ஒரே நிகழ்ச்சியில் தனித்தனியே தெரிவதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் என்னும் விண்கலம் டைமார்பஸ் என்னும் சிறுகோளின் மேல் வேண்டுமென்றே மோதவிடப்பட்டது. சுமார் 160 மீட்டர் அகலமுள்ள அந்தச் சிறுகோள், தன்னைவிடப் பெரிய டிடிமாஸ் என்னும் சிறுகோளை 11 மணி 55 நிமிடத்தில் சுற்றி வந்துகொண்டிருந்தது. மோதலுக்குப் பின் 11 மணி 23 நிமிடத்தில் சுற்றியது. ஆங்கிலத்தில் செப்டம்பர் 26 அன்று நடந்ததும் இம்பாக்ட்தான், சுற்றும் நேரம் 32 நிமிடம் குறைந்ததும் இம்பாக்ட்தான். தமிழில் முதலாவதை மோதல் என்றும் இரண்டாவதை விளைவு என்றும் நாம் தயங்காமல் பிரித்து எழுதிவிடுவோம். தமிழுக்கு இங்கே குறையேதும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். எல்பிடபிள்யூ முறையீட்டில் திரையில் காட்டப்படும் இம்பாக்ட், பந்து கால்காப்பில் பட்ட இடம். 2023 முதல் ஐபிஎல் போட்டிகளில் உள்ள இம்பாக்ட் பிளேயர், ஆட்டத்தின் நடுவே இறங்கி அதன் போக்கை மாற்ற வல்லவர் என்று கருதப்படும் மாற்று வீரர். ஒரே ஆட்டத்தில் ஒரே சொல் இரண்டு தொலைவான பொருள்களில் வருகிறது. முதலாவதற்குப் ‘பட்டது’ என்ற வினையே போதும். தமிழில் படுவதற்கும் உரசுவதற்கும் இடிப்பதற்கும் முட்டுவதற்கும் மோதுவதற்கும் தாக்குவதற்கும் இடையே விசையின் அளவு படிப்படியாக ஏறுகிறது. இத்தனை வினைகள் இருக்கும்போது ஒரு பெயர்ச்சொல்லை நம்பி ஏன் நிற்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் தாக்கம் என்பது வேதிவினையைக் குறிக்கும். நியூட்டனின் மூன்றாம் விதியையும் அவர்கள் தாக்கம், மறுதாக்கம் என்ற சொற்களால் சொல்கிறார்கள். உங்கள் மொழிபெயர்ப்பை அங்குள்ளவர் படித்தால் இன்னும் வேறாகப் பொருள்கொள்ள வாய்ப்பு உண்டு.

வைசியாள் வீதி எழுதியது:

ஆசிரியர் ஐயா மோதலின் பக்கத்தை நன்றாக விளக்கிவிட்டார். பிரெஞ்சு கற்பிப்பவன் என்ற முறையில் சொல்லின் வேரைப் பற்றி நான் சிறிது எழுதுகிறேன், ஏனெனில் இங்கே தமிழர்க்கு மிக நெருக்கமான ஒன்று ஒளிந்திருக்கிறது.

இம்பாக்ட் என்பது இம்பிங்கெரே என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதன் உள்ளே இருப்பது பாங்கெரே. ஆணியையோ முளையையோ அறைந்து இறுகப் பொருத்துவது என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் வினையாகத்தான், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒன்றை மற்றொன்றினுள் நெருக்கி அழுத்துவது என்ற பொருளில் வழங்கியது. மோதல் என்னும் பெயர்ச்சொல் வழக்கு 18ஆம் நூற்றாண்டிலும், மனத்தின் மேலும் சமூகத்தின் மேலும் உண்டாகும் வலிய விளைவு என்ற உருவக வழக்கு 19ஆம் நூற்றாண்டிலும் வந்தன. பழைய பொருள் மருத்துவத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. வெளியே முளைக்க வழியின்றித் தாடை எலும்புக்குள் புதைந்து நிற்கும் ஞானப்பல்லைப் பல் மருத்துவர்கள் இம்பாக்டட் என்பார்கள். முறிந்த எலும்பின் ஒரு முனை மற்ற முனைக்குள் சொருகிக்கொள்ளும் முறிவுக்கும் அதே பெயர். அந்த இடங்களில் தாக்கம் என்று எழுதினால் நோயாளிக்கு எதுவும் விளங்காது. புதைந்த பல் என்றும் சொருகிய முறிவு என்றும்தான் எழுத வேண்டும்.

இப்போது நம் வழக்குக்கு வாருங்கள். ஒரு செய்தி ஒருவருடைய மனத்தில் ஆழ இறங்கி நின்றுவிட்டால் நாம் என்ன சொல்கிறோம்? பசுமரத்தாணி போலப் பதிந்தது என்கிறோம். லத்தீன் தச்சன் அறைந்த அதே ஆணியை நம் பாட்டிமார் பச்சை மரத்தில் அறைந்திருக்கிறார்கள். ‘அவருடைய பேச்சு மாணவர்களிடையே பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது’ என்று நாள்தோறும் படிக்கிறோம். ‘அவருடைய பேச்சு மாணவர் மனத்தில் பதிந்தது’ என்றால் சொற்களும் குறைகின்றன, பொருளும் தெளிகிறது. ஏற்படுத்தியது என்ற வினை வரும் இடங்களில் எல்லாம் நான் ஒரு கணம் நின்று, இதற்குள் உண்மையான வினை எங்கே போயிற்று என்று தேடுவேன். பெரும்பாலும் அது கிடைத்துவிடும்.

இன்ப்ளூயன்ஸ் என்பதை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் பலர். அது உள்ளே பாய்வது என்னும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. விண்மீன்களிலிருந்து ஏதோ ஒன்று மனிதருக்குள் பாய்ந்து அவர்களுடைய வாழ்வை நடத்துகிறது என்ற பழைய சோதிட நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. ஒன்று அடிப்பது, மற்றது ஊறுவது. இரண்டாவதற்குத் தமிழில் செல்வாக்கு இருக்கிறது. செல்கின்ற வாக்கு, அதாவது எடுபடும் சொல், யாருக்கு உண்டோ அவரே செல்வாக்குள்ளவர். மனிதர்க்கும் நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். மழைக்கும் புயலுக்கும் பொருந்தாது.

இருந்தாலும் தாக்கம் என்ற சொல்லை முற்றிலும் விலக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. தொடாமலே தாக்குவதைத் தமிழ் அறியும். 1082ஆம் குறளில், தன் பார்வைக்கு எதிரே தலைவி பார்க்கும் பார்வையை, தாக்கி வருத்தும் தெய்வப்பெண்ணாகிய தாக்கணங்கு ஒருத்தி படையோடு வந்தது போல என்கிறான் தலைவன். அங்கே அடி விழவில்லை, ஆனால் தாக்கு உண்டு. உருவகமாக இச்சொல்லை ஆள்வதற்கு நமக்கு வள்ளுவரே வழிவிட்டிருக்கிறார். அந்த அளவு வலிமை உள்ள இடத்தில் மட்டும் ஆண்டால் சொல் தேயாமல் இருக்கும்.

தாழங்குடா எழுதியது:

சகோதரி, வணக்கம். நான் மொழி கற்றவன் இல்லை. கடலூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரன், எங்கள் ஊர்க் கூட்டங்களுக்கு மனுக்களும் கடிதங்களும் எழுதித் தருகிறவன். கூட்டத்தில் உட்கார்ந்து கேட்பவர்களின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தாக்கியது என்ற சொல்லை நாங்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் எங்களைத் தாக்கியது. இந்த வரிகளில் யாருக்கும் ஐயம் வராது, ஏனெனில் தாக்கியது எது என்று வரியிலேயே இருக்கிறது, தாக்கப்பட்டவர்கள் நாங்கள். ஆனால் தானே புயலின் பிறகு நேர்ந்தவற்றை யாரும் தாக்கம் என்று சொன்னதில்லை. படகு உடைந்ததையும் கூரை பறந்ததையும் சேதம் என்றோம். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, புதிய கன்று வைத்து அது காய்க்கும் வரை பல ஆண்டுகள் வருமானமின்றி மக்கள் நின்றதைப் பாதிப்பு என்றோம். ஒரே இரவில் முடிவது சேதம், அதன் பின்னே தொடர்ந்து வருவது பாதிப்பு. இந்த வேறுபாட்டை எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவர்களும் அறிவார்கள்.

இனி உங்கள் தூண்டில் வளைவுக்கு வருகிறேன். நம் கரையில் தென்காற்று வீசும் மாதங்களில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் ஓரளவு திரும்புகிறது, ஆனால் மொத்தத்தில் வடக்கே போவதுதான் மிகுதி. குறுக்கே கல் போட்டால் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் மணல் வரத்து நின்று கரை கரைந்துகொண்டே போகும். கல் போட்ட ஊருக்குப் பாதுகாப்பு, அதற்கு வடக்கே உள்ள ஊருக்கு இழப்பு. இது எங்களுக்குப் புதிய செய்தியே இல்லை. ஓர் ஊரில் வளைவு வந்தால் அடுத்த ஊர்க்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்பது இதனால்தான். அப்படியிருக்க, ‘வடபுறக் கடற்கரையின் மீது மிதமான தாக்கம்’ என்று எழுதியதால், எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றே எங்களுக்கு விளங்காத ஒன்றாகிவிட்டது. இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. உங்கள் மேல் குறை சொல்லவில்லை. ஆங்கிலத்தில் எழுதியவரே ‘கரை அரிக்கும்’ என்று எழுதாமல் அந்தப் பொதுச்சொல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அரிக்கும் என்று எழுதினால் எவ்வளவு தூரம், எந்த ஊர் வரை, யார் பொறுப்பு என்று அடுத்த கேள்வி உடனே வரும். தாக்கம் என்று எழுதினால் அந்தக் கேள்வி வராது.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, மக்கள் கருத்துக் கேட்க வேண்டிய திட்டங்களுக்கு அறிக்கைச் சுருக்கத்தை வட்டார மொழியிலும் தர வேண்டும் என்கிறது. 2020இல் அந்த அறிவிக்கைக்குப் புதிய வரைவு வந்தபோது, அதை அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிட வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழில் தருவதன் நோக்கமே நாங்கள் புரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டும் என்பதுதான். எழுத்து மட்டும் தமிழாக இருந்து பொருள் எட்டவில்லையென்றால் அந்த உரிமை எங்கள் கைக்கு வந்து சேரவில்லை என்றே அர்த்தம்.

புயல் எச்சரிக்கை அறிக்கைகளைப் பாருங்கள். காற்றின் வேகத்தைச் சொல்லிவிட்டு, குடிசைகளின் கூரை பறக்கும், மரக்கிளைகள் முறியும், மின்கம்பிகள் அறுபடும் என்று எதிர்பார்க்கப்படும் சேதத்தையும் வரிசையாகச் சொல்கிறார்கள். அதைக் கேட்டவுடன் வலையை எங்கே வைப்பது, படகை எவ்வளவு மேலே ஏற்றுவது என்று எங்களால் முடிவு செய்ய முடிகிறது. நீங்களும் அப்படி எழுதுங்கள்.

முத்தியால்பேட்டை வாசகி மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. தாழங்குடா அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருந்தேன். நேற்று அந்தச் சுருக்கத்தை எடுத்து, சட்டத்தின் பெயராக நிலைத்துவிட்ட இடங்களைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் தாக்கத்தை நீக்கி, அங்கே உண்மையில் நடப்பது எது என்று பார்த்து எழுதினேன். பிரச்சினையாக இருந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: ‘தூண்டில் வளைவு அமைத்தால் அதற்கு வடக்கே உள்ள கரையில் கடல் அரிப்பு அதிகமாகக்கூடும். தெற்கே மணல் சேர்வதால் படகுகளை நிறுத்தவும் வலை உலர்த்தவும் இடம் கிடைக்கும்.’ மூலத்தில் நேர்மறையான இம்பாக்ட் என்று குறித்தது இந்த இடவசதியைத்தான் என்பதை அறிக்கையின் பின்பகுதியைப் படித்து உறுதி செய்துகொண்டேன்.

இன்னும் ஒன்று மட்டும் தீரவில்லை. நலத்திட்டங்களைப் பற்றிய அறிக்கைகளில் விளைவு என்று ஒன்றையும் இம்பாக்ட் என்று வேறொன்றையும் தனித்தனியே அளக்கிறார்கள். இரண்டுக்கும் விளைவு என்றே எழுதினால் அட்டவணையே குழம்பிவிடுகிறது.

அண்ணாமலைநகர் எழுதியது:

அம்மா, ஆய்வு மாணவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வளர்ச்சித் திட்டங்களின் மதிப்பீட்டில் இச்சொல்லின் பொருள் ஏறக்குறையத் தலைகீழாகிவிடுகிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2002இல் வெளியிட்ட கலைச்சொல் தொகுப்பு, ஒரு திட்டத்தால் நேரடியாகவோ மறைமுகமாகவோ, எண்ணியோ எண்ணாமலோ உண்டாகும் நீண்டகால விளைவுகள், நல்லவையும் தீயவையும், இம்பாக்ட் ஆகும் என்று வரையறுக்கிறது. கணப்பொழுதில் விழும் அடியைக் குறித்த சொல், மிக மெதுவாக வரும் மாற்றத்தைக் குறிப்பதாகிவிட்டது. ஓர் ஊரில் குடிநீர்க் குழாய் பதித்தால், குழாய் செயற்பயன், அதாவது திட்டம் நேரடியாகச் செய்து தந்த பொருள். வீட்டுக்கு வீடு தண்ணீர் வருவது விளைவு. பத்து ஆண்டு கழித்து, குடம் சுமந்து நடந்த நேரத்தில் பெண் பிள்ளைகள் பள்ளி முடித்து மேலே படித்திருப்பது இம்பாக்ட். இதற்கு நெடுங்கால மாற்றம் என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. விளைவு என்ற சொல்லுக்குள்ளேயே விதைத்துக் காத்திருந்து அறுப்பது என்ற காலம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் அட்டவணையில் இரண்டு பத்திகள் இருக்கும்போது இரண்டு பெயர்கள் தேவை.

ஆய்விதழ்களின் இம்பாக்ட் பாக்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தாக்கக் காரணி என்ற அதன் தமிழாக்கம் எங்கள் மாணவர்களைப் பெரிதும் ஏமாற்றுகிறது. யூஜின் கார்பீல்டு 1955இல் முன்வைத்த எண்ணத்திலிருந்து வளர்ந்த கணக்கு அது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் 100 கட்டுரைகள் வெளியிட்டு, அவை இந்த ஆண்டில் 250 முறை மேற்கோள் காட்டப்பட்டால் அதன் மதிப்பு 2.5. இதழின் சராசரி அவ்வளவே. அதில் வந்த ஒரு தனிக் கட்டுரை யாரையாவது தாக்கியதா, எதையாவது மாற்றியதா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மேற்கோள் சராசரி என்று பெயர் வைத்திருந்தால் இத்தனை மயக்கம் வந்திருக்காது.

தாழங்குடா எழுதியது:

சகோதரி, புதிய வரி நன்றாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘வடக்கே உள்ள கரை’ என்று நிறுத்தாமல், அறிக்கையில் தூரம் கொடுத்திருந்தால் அந்தத் தூரத்துக்குள் வரும் ஊர்களின் பெயர்களை எழுதிவிடுங்கள். கூட்டத்தில் இருப்பவர்கள் தங்கள் ஊர்ப் பெயர் வருகிறதா என்றுதான் காது கொடுத்துக் கேட்பார்கள்.

முத்தியால்பேட்டை வாசகி எழுதியது:

அறிக்கையில் தூரம் இருக்கிறது, அண்ணா. வரைபடத்தை வைத்துக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் குறித்துவிட்டேன். திட்டத்தாரிடம் காட்டி ஒப்புதல் பெற்றபின், வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிராமத்துக்குப் போய் நானே படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.